அட்டைப் போரும் அடைப்புக்குறியும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்களில் தாயக்கட்டை உருண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டுகளில் அமர்ந்து சிறுவர் ஆடும் ஆட்டங்களுள் போக்கிமான் அட்டையாட்டமும் ஒன்று. ஞாயிறு திருப்பலி முடிந்து, மறைக்கல்வி வகுப்புக்கு மணி அடிக்கும்வரை, ஆலய வளாகத்திலும் அந்த அட்டைகள் சட்டைப்பையினின்று வெளிவருகின்றன. அவற்றோடு வழக்கும் வருகிறது. "நீ ஏமாற்றுகிறாய்" என்று ஒரு பிள்ளை கூவியதும் அட்டைகள் சிதறுகின்றன, நட்பும் சிதறுகிறது.

பெற்றோராகிய நாம் அப்போது செய்வதென்ன? "இந்தக் குப்பையை வெளியே எறி" என்கிறோம். அல்லது எவன் உரக்க அழுகிறானோ அவன் பக்கம் தீர்ப்புச் சொல்கிறோம். இரண்டும் நீதியன்று. வழக்கு இன்னதென்று அறியாமல் தீர்ப்புக் கூறலாகுமா? ஆதலின் அந்த ஆட்டத்தைச் சிறிது அறிந்துகொள்வோம்.

இன்று தந்தையராக இருப்போருள் பலர் தம் பள்ளி நாட்களில் மல்யுத்த வீரர்களின் படம் பொறித்த டிரம்ப் கார்டு ஆடியவர்கள். அதில் உயரம், எடை எனும் எண்களை ஒப்பிட்டால் போதும். பெரிய எண் வெல்லும். தரவரிசையில் மட்டும் சிறிய எண் வெல்லும். அங்கே பொருள் விளக்கத்திற்கு இடமில்லை. 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் தோன்றி, 1999-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த போக்கிமான் ஆட்டமோ அத்தகையதன்று. ஒவ்வொருவரும் 60 அட்டைகளும் அவற்றினின்று எடுத்துக் கவிழ்த்து வைத்த 6 பரிசு அட்டைகளுமாக அமர்கின்றனர். எதிரியின் உயிரி வீழும்போது பரிசு அட்டையை எடுக்கலாம். ஆறையும் முதலில் எடுத்தவர் வென்றவராவார். பல அட்டைகளில் சிறிய எழுத்தில் ஒரு விதி அச்சிடப்பட்டிருக்கும். சண்டை மூள்வது அந்தச் சிறிய எழுத்தில்தான்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவனுடைய நெருப்பு உயிரி 60 சேதம் விளைவிக்கும் தாக்குதலைத் தொடுக்கிறது. அவனிடம் சேதத்தை 20 கூட்டும் அட்டையும் உண்டு. எதிரியின் உயிரிக்கு நெருப்பு பலவீனம். ஆகவே சேதம் இருமடங்காகும். ஆனால் எதிரியிடம் சேதத்தை 20 குறைக்கும் அட்டை ஒன்று இருக்கிறது. அந்த உயிரியின் பலம் 130. அது வீழுமா, பிழைக்குமா?

தற்காப்பவன் கணக்கிடுகிறான்: "அறுபதோடு இருபதைக் கூட்டு, இருபதைக் கழி, மீண்டும் அறுபது. இருமடங்கு 120. என் உயிரி பிழைத்தது." தாக்குபவன் மறுக்கிறான்: "60-ம் 20-ம் 80. இருமடங்கு 160. அதில் 20 கழித்தால் 140. உன் உயிரி வீழ்ந்தது." இருவரும் அதே எண்களைக் கொண்டே கணக்கிட்டனர். வரிசைதான் வேறு.

உரிய விதி யாது? தாக்குபவருக்குரிய கூட்டல் முதலில். பின்னர் பலவீனமும் எதிர்ப்பும். இறுதியாகத் தற்காப்பவருக்குரிய கழித்தல். எனவே 140 என்பதே சரி. இதற்குச் சான்று தேடி எங்கும் ஓட வேண்டுவதில்லை. கூட்டும் அட்டையில் "பலவீனத்திற்கு முன்" என்றும், குறைக்கும் அட்டையில் "பலவீனத்திற்குப் பின்" என்றும் பொருள்படும் குறிப்பு அடைப்புக்குறிக்குள் அச்சிடப்பட்டிருக்கும். கண்ணுக்கு முன் இருந்ததை இருவரும் படிக்கவில்லை, அவ்வளவே.

சொற்களின் வேறுபாடும் இவ்வாறே. ஒவ்வொரு சேத வில்லையும் 10-க்கு ஈடு. "20 சேதம் விளைவி" என்பதும், "2 சேத வில்லைகளை வை" என்பதும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் முன்னதற்குப் பலவீனக் கணக்கு உண்டு, பின்னதற்கு இல்லை. மேலும், பொது விதிக்கும் அட்டையில் உள்ள சொல்லுக்கும் முரண் நேர்ந்தால் அட்டையின் சொல்லே செல்லும். அந்தச் சொல்லும் மாறியதுண்டு. பிளஸ்பவர் எனும் அட்டை தொடக்கப் பதிப்பில் பலவீனத்திற்குப் பின் 10 கூட்டியது. பிற்காலப் பதிப்பிலோ பலவீனத்திற்கு முன். அண்ணன் பெட்டியிலிருந்து எடுத்த பழைய அட்டையும் தம்பி வாங்கிய புதிய அட்டையும் வேறு பேசினால், புதிய சொல்லையே கொள்ள வேண்டும்.

தாயக்கட்டையிலும் வழக்குகள் இருந்தனவே! எதிரியின் காயை வெட்டாமல் உள்ளே ஏறலாமா, கூடாதா என்பதற்கு வீட்டுக்கு வீடு வேறு விடை. பாட்டிமார் ஆட்டம் தொடங்குமுன்பே "எங்கள் வீட்டு வழக்கம் இது" என்று சொல்லிவிடுவார்கள். அந்த நல்வழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம். கடைவீதிகளில் மலிவாகக் கிடைக்கும் போலி அட்டைகளில் எண்ணும் எழுத்தும் பிழைபட்டிருப்பதுண்டு. அவற்றைச் சேர்ப்பதா, விலக்குவதா என்பதைத் தோற்கும் வேளையிலன்று, தொடங்கும் வேளையிலேயே பேசி முடிக்கட்டும்.

வழக்கு எழுந்தால் அட்டையை உரக்கப் படிக்கச் சொல்வோம். ஐயம் தீராவிடில், ஆட்டத்தில் சேராத மூன்றாமவர் தீர்ப்புக் கூறட்டும். முறையான போட்டிகளில் ஆடுவோர் கையை உயர்த்தி நடுவரை அழைப்பார்கள். தலைமை நடுவர் கூறியதே முடிவு. அதன்பின் வாதமில்லை, ஆட்டம் தொடரும்.

பெற்றோர் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்த அட்டைகள் நம் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. ஆங்கிலம் சரளமாகப் படிக்கும் பிள்ளை, தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் தோழனிடம் அதன் பொருளைத் தனக்கு ஏற்றவாறு திரித்துச் சொன்னால், அவனைத் தட்டிக்கேட்க யார் இருக்கிறார்கள்? அங்கே தோற்பது அட்டை உயிரியன்று, நம்பிக்கை. எழுத்தறிந்தவன் எழுதப்படிக்கத் தெரியாதவனிடம் பத்திரத்தைத் திரித்துப் படிக்கும் கொடுமைக்கும் வித்து இதுவே.

மாறாக, தனக்குப் பாதகமான அடைப்புக்குறியைத் தானே முன்வந்து படித்துக் காட்டி, "என் உயிரி வீழ்ந்தது, நீ பரிசு அட்டையை எடுத்துக்கொள்" என்று சொல்லும் பிள்ளையை நாம் கண்டால், அவனை அழைத்துப் பாராட்டுவோம். வென்ற பிள்ளைக்குக் கைதட்டப் பலர் உண்டு. இவனுக்குக் கைதட்ட வேண்டியவர்கள் நாமே.