றோட்டில் ஓடாதே என்றால், எங்கே ஓடுவது என்றும் சொல்லுங்கள்



இரண்டு வாரமாக நமது ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்கேட்டிங் சப்பாத்துப் போட்டு றோட்டில் ஓடும் பிள்ளைகளைப் பிடித்து, சப்பாத்தைக் கழற்றி எடுத்துவிட வேண்டுமாம். அதற்குக் கீழே வரிசையாகப் பெருவிரல்கள், "நல்ல முடிவு", "மாஷா அல்லாஹ்".

பிரதான வீதியில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் ஓடுவது ஆபத்து. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று சுற்றி மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி நமது ஊருக்கு நடுவால் போகிறது. காபட் போட்ட பிறகு அதில் பஸ்கள் என்ன வேகத்தில் வருகின்றன என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் பிள்ளைகள் ஏன் அங்கே போகிறார்கள் என்று அந்தப் பதிவில் ஒருவரும் கேட்கவில்லை. ஸ்கேட்டிங் சப்பாத்தின் சில்லு ஆறு, ஏழு சென்ரிமீற்றர்தான். ஒரு சிறு கல் அகப்பட்டாலே ஆள் முகம் குப்புற விழும். நமது உள்வீதிகளில் பாதி மணல், மீதி கல் பதித்தவை. ஊரில் வழுவழுப்பாக இருக்கும் ஒரே இடம் அந்தக் காபட் றோட்தான். பிள்ளை திமிரில் அங்கே போகவில்லை. வேறு தரை இல்லாததால் போகிறான்.

பேசிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, ஆசிரியர்கள் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, ஓடத் தெரிந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, அஸருக்குப் பிறகு ஊரில் உள்ள தரைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தோம்.

சந்தைக் கொட்டகைக்குக் கூரை இருக்கிறது, காற்றும் வருகிறது. தரையில் சீமெந்து பெயர்ந்து குழி விழுந்திருக்கிறது. பாடசாலை வலைப்பந்துத் திடலின் தரை நல்லது, சமமானது. ஆனால் நிழல் இல்லை. பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிரீட் நான்கு மணிக்கும் அனல் வீசுகிறது. ஐந்து மணிக்குப் பிறகு ஓடலாம். ஓரத்து மணலை மட்டும் முதலில் கூட்ட வேண்டும், மணல் போல்பெயாரிங்குக்குள் போனால் சில்லு இறுகிவிடும். கல்யாண மண்டபத்தில் பளபளக்கும் மாபிள். பார்க்க ஆசையாக இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வழுக்கும். கீறு விழும் என்று உரிமையாளரும் சம்மதிக்கவில்லை. பாடசாலை மண்டபத்தில் கூரையும் உண்டு, அழுத்தமான தரையும் உண்டு. ஆனால் உடைந்த கதிரை மேசைகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆக, நமது ஊரில் தரை இருக்கிறது. அதைத் திறந்து விடும் மனம்தான் இல்லை.

இப்போது வரப்போகும் எதிர்ப்புகளுக்கு வருவோம்.

"இது வெள்ளைக்காரன் விளையாட்டு." அப்படியென்றால் கிரிக்கெட் எங்கிருந்து வந்தது? ஸ்கேட்டிங் சப்பாத்தோடு விளையாடும் ரோல் போலை 2003இல் உருவாக்கியவர் இந்தியாவின் பூனே நகரத்து உடற்கல்வி ஆசிரியர் ராஜு தாபடே. நம்மைப் போன்ற ஓர் ஆசிரியர். அதன் உலகக் கிண்ணப் போட்டி 2017இல் டாக்காவில் நடந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும், நம்மைப் போலவே வெயிலும் புழுக்கமும் உள்ள நாடு அது. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீற்றரில் தங்கம் எடுத்தார். சென்னை வெயில் நமது வெயிலுக்குக் குறைந்ததா?

"பொம்பிளைப் பிள்ளைகள் எப்படி?" அபுதாபியின் ஸஹ்ரா லாரி ஹிஜாபோடு பனிச்சறுக்கு நடனப் போட்டிகளில் இறங்கினார். 2012இல் ஐரோப்பாவில் நடந்த போட்டியில் ஹிஜாபுக்காக அவருக்குப் புள்ளி குறைத்தார்கள். அவர் ஹிஜாபையும் விடவில்லை, விளையாட்டையும் விடவில்லை. நமது ஊரிலோ பன்னிரண்டு வயது வந்ததும் பிள்ளையின் விளையாட்டை நிறுத்தி, மேல்மாடியில் இருத்தி விடுகிறோம். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்ததைக் குத்பாவில் கேட்டு ரசிக்கிறோம். பெருநாள் தினத்தில் பள்ளிவாசலிலேயே அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதையும் கேட்கிறோம். கேட்டுவிட்டு வந்து பிள்ளையின் சப்பாத்தைப் பறிக்கச் சொல்கிறோம்.

"படிப்புக் கெட்டுப் போகும்." ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்காக விடியலிலிருந்து இரவு வரை டியூஷனில் இருத்திய பிள்ளைகளை வகுப்பில் பார்ப்பவர்கள் நாங்கள். ஒன்பது வயதில் களைத்துப்போய் வருகிறார்கள். சப்பாத்தைப் பறித்தால் அந்தப் பிள்ளை புத்தகத்தை எடுப்பான் என்றா நினைக்கிறீர்கள்? போனைத்தான் எடுப்பான். இன்னும் நான்கு வருடத்தில் சந்தியில் நிற்பான். அங்கே அவனுக்கு என்ன கொடுக்க யார் காத்திருக்கிறார்கள் என்று, ஐஸ் போதைப்பொருள் பற்றி மேடை மேடையாகப் பேசும் நமக்குத் தெரியாதா?

"காசு எங்கே?" ஊர் எல்லையில் அலங்கார வளைவு கட்டக் காசு இருந்தது. அதே வாய் இப்போது காசு இல்லை என்று சொல்லக் கூடாது.

எனவே நாங்கள் கேட்பது இவைதான்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் சனி, ஞாயிறு தினங்களில் அஸர் முதல் மஃரிப் வரை வலைப்பந்துத் திடலைத் திறந்து விடட்டும். மேற்பார்வைக்கு நாங்கள் முறை வைத்து நிற்கிறோம். தலைக்கவசம், முழங்கால், முழங்கைக் கவசம் இல்லாத பிள்ளைக்கு அனுமதி இல்லை.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம். மேற்பார்வைக்கு ஆசிரியைகள். இதற்கு இப்போதே பெயர் தந்தவர்கள் இருக்கிறார்கள்.

சபை உறுப்பினர்களே, சந்தைக் கொட்டகைத் தரையை மட்டம் செய்து தாருங்கள். மீன் வியாபாரிகளும் அதையேதான் எத்தனையோ காலமாகக் கேட்கிறார்கள்.

அடுத்த பாதீட்டில் கூரை போட்ட ஒரு தரைக்கு இடம் ஒதுக்குங்கள். நீளம் 40 மீற்றர், அகலம் 20 மீற்றர். ஸ்கேட்டிங் ஹொக்கிக்கும் கைப்பந்துக்கும் அதே அளவுதான். சுற்றிச் சுவர் வேண்டாம். கச்சான் காலத்தில் காற்று வரட்டும், மாரியில் கூரை காக்கட்டும். வெள்ளம் வந்தால் குடும்பங்களை வகுப்பறைகளில் அடைக்காமல் அங்கே தங்க வைக்கலாம். மழைப் பெருநாளில் தொழவும் இடமாகும்.

அதுவரை பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பிரதான வீதிக்கு விடாதீர்கள். வலைப்பந்துத் திடலுக்கு வர விருப்பமுள்ள பிள்ளையின் வயதையும் வகுப்பையும் உள்பெட்டியில் அனுப்புங்கள். அந்தப் பட்டியலோடுதான் சபைக்குப் போகப் போகிறோம்.

குரல் பதிவு போட்ட சகோதரரே, நீங்களும் எங்களோடு வாருங்கள். பிள்ளைகள் மீது உங்களுக்கும் அக்கறை இருப்பதால்தான் பேசினீர்கள். அதே குரலில் சபையில் ஒரு தரை கேளுங்கள்.