பெட்ரோல் நின்ற இடம் எது?

தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசிடர் காரைக் கண்ணும் கருத்துமாய்ப் பேணிவரும் குடும்பம் ஒன்று நம் பங்கில் உண்டு. பேறுகாலம் நெருங்கிய மகளை ஓரிரவு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கையில், அக்கார் வழியில் இருமுறை நின்றுவிட்டது. பத்து நிமிடம் பொறுத்தால் ஓடும். சிறிது தொலைவு சென்றதும் மீண்டும் திணறும். தாயும் சேயும் நலமே. எனினும் அவ்விரவின் அச்சம் அவர்களை விட்டு அகலவில்லை. கார்புரேட்டரையே மாற்றவேண்டும் எனப் பட்டறையில் கூறினராம். இத்தகைய கார்களில் பல்லாண்டு அலைந்தவர்கள் என்பதால் நம்மிடம் யோசனை கேட்க வந்தனர்.

நாம் கூறியது இதுவே: பெட்ரோல் வரும் வழியிலேயே நீங்களும் தேடிச் செல்லுங்கள். டாங்கியில் தொடங்குங்கள், கார்புரேட்டரைக் கடைசியில் பாருங்கள்.

பெட்ரோல் குறையக் குறைய டாங்கியினுள் காற்று புகவேண்டும். அதற்கென மூடியிலோ தனிக் குழாயிலோ காற்றுவழி உண்டு. அது அடைபட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வாராது. கார் நின்றதும் மூடியைத் திறவுங்கள். ‘உஸ்’ என்று காற்று உட்புகுந்து, பின் கார் சீராக ஓடினால் குறை அங்கேதான்.

அடுத்து வடிகட்டியும் குழாய்களும். பழைய டாங்கியின் துரு வடிகட்டியை அடைக்கும். பம்புக்கு முன்னுள்ள ரப்பர் குழாய் வெடித்திருந்தால், பெட்ரோல் சொட்டாமலே காற்றை உறிஞ்சும். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. பழைய ரப்பர் எத்தனாலைத் தாங்காது. அதனைத் தாங்கும் குழாய்களை மாற்றுதல் நலம்.

மூன்றாவது பம்ப். என்ஜின் ஆறியபின், காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயை ஒரு புட்டியில் விடுங்கள். ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது பெட்ரோல் விட்டுவிட்டுப் பீறிடவேண்டும். பம்பின் டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் இறங்கக்கூடும். ஆயிலில் பெட்ரோல் வாடை வீசினால் காரை ஓட்டவே கூடாது. கோடையில் பம்ப் சூடேறிப் பெட்ரோல் ஆவியாவதும் உண்டு. ஈரத்துணி போர்த்தியதும் கார் ஓடினால், சூடே காரணம் எனலாம்.

இவை யாவும் செவ்வனே இருந்தால் மட்டும் கார்புரேட்டரின் மிதவை, ஊசி வால்வு, ஜெட் ஆகியவற்றைக் கழற்றுங்கள்.

இரு செயல்களை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சாதீர்கள். சில துளி நுரையீரலில் இறங்கினாலும் உயிருக்கு ஆபத்து. கார்புரேட்டரின் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே என்ஜினைக் கிளப்பாதீர்கள். திருப்பி அடிக்கும் தீ முகத்தைச் சுட்டுவிடும். அன்றிரவு காரோட்டியவர் இதைத்தான் செய்ய முனைந்தாராம்! மகளின் தாய் தடுத்ததால் தீங்கின்றிப் போயிற்று.

அக்குடும்பத்தார் டாங்கி மூடியைத் திறந்தனர். ‘உஸ்’ என்ற ஓசை கேட்டது. காற்றுக் குழாயைப் பார்த்தால், உள்ளே குளவி கட்டிய மண்கூடு! கடைத்தெருவுக்குப் போய்வரும் சிறு பயணங்களில் அது தொல்லை தரவில்லை; நெடுவழியில்தான் காட்டிக்கொடுத்தது. மெல்லிய கம்பி ஒன்றால் கூட்டை நீக்கினர். புதிய கார்புரேட்டருக்கென ஒதுக்கிய பணம் குழந்தையின் தொட்டிலுக்கு உதவிற்று.