பதினெட்டு நடையும் ஒரு கோபுரமும்

திருக்கோஷ்டியூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது கோபுரம்தான். வெளியே சொல்லலாகாது என்ற ஆணையோடு திருக்கோஷ்டியூர் நம்பி உபதேசித்த மந்திரப் பொருளை இராமானுசர் கோபுரத்தில் ஏறி ஊரறியச் சொன்னார் என்பது கதை. அறிவு பொதுச்சொத்து என்று பேச வருகிறவர்கள் இந்தக் காட்சியை விடுவதேயில்லை. ஆனால் அந்தப் பொருளைப் பெற அவர் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்தார் என்ற முன்பாதியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். இலக்கிய வாசகர்களுக்குச் சற்றே விசித்திரமாகப் படக்கூடிய ஒரு விஷயத்தைப் பேச எனக்கு இரண்டு பாதிகளும் வேண்டும். பழைய வீடியோ கேம் கருவிகளுக்கு வீட்டிலேயே மின்னேற்றக்கூடிய பேட்டரித் தொகுப்பு செய்துகொள்வதுதான் அந்த விஷயம்.

செட்டிநாட்டுக் குடும்பங்களுக்குச் சிங்கப்பூரும் மலேசியாவும் பக்கத்து ஊர் மாதிரி. அங்கிருந்து வந்த பெட்டிகளில் கேம்பாய்களும் வந்திருக்கின்றன. நிண்டெண்டோ 1989இல் வெளியிட்ட அந்தக் கருவிக்கு நான்கு பென்சில் பேட்டரிகள் தேவை. 1990இல் வந்த சேகாவின் கேம் கியருக்கு ஆறு; சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். அன்று விளையாடிய சிறுவர்கள் இன்று நடுவயதில் அவற்றை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசு தட்டுகிறார்கள். பேட்டரி வாங்கி மாளாது என்பதால், பழைய மடிக்கணினியை உடைத்து, கட்டைவிரல் பருமனுள்ள லித்தியம் செல்களை உருவி, கம்பி வைத்துப் பற்றவைத்துப் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்த வகைக்கு 18650 என்று பெயர்.

எப்படிச் செய்வது என்று காட்டும் காணொளிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் பெரும்பாலும் கைகள் தெரிகின்றன, காரணம் தெரிவதில்லை. வழக்கமான லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஏற்றினால் லித்தியம் எதிர்மின்முனைக்குள் புக இடமின்றி அதன் மேல் உலோகமாகப் படியத் தொடங்கும். சுற்றியிருப்பதோ தீப்பற்றக்கூடிய திரவம். மின்சாரம் முற்றிலும் வடிந்து நெடுநாள் கிடந்த செல்லில் செப்புத் தகடு கரையத் தொடங்கிவிடும். மறுபடி மின்னேற்றும்போது அந்தச் செம்பு உள்ளேயே படிந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். குப்பையிலிருந்து எடுத்த செல்லின் முன்கதை எடுத்தவருக்குத் தெரியாது. பாதுகாப்புச் சுற்று இல்லாமல் அதைக் குழந்தையின் கையில் இருக்கும் கருவிக்குள் வைப்பது விளையாட்டல்ல.

காரணம் தெரிந்தவருக்கு எளிய வழி ஒன்றும் தெரிந்துவிடும். கேம்பாய் வெளிவந்தபோது லித்தியம் அயன் செல் சந்தையிலேயே இல்லை. சோனி நிறுவனம் அதை விற்கத் தொடங்கியது 1991இல். சாதாரண பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கி, தேயத் தேய இறங்கும் என்று கணக்கிட்டே அந்தக் கருவியை வடிவமைத்தார்கள். ஆகவே 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் நான்கு, அதாவது 4.8 வோல்ட், அதற்குப் போதும். கடையில் வாங்கி, அதற்கென்றே உள்ள சார்ஜரில் ஏற்றிப் போட்டுக்கொள்ளலாம். பற்றவைக்கவே வேண்டாம்.

ஆபத்தான அறிவை எதற்குப் பரப்ப வேண்டும், நிறுவனங்களிடமே இருக்கட்டும் என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. நாம் சொல்லாவிட்டாலும் திருப்புளி எடுத்தவன் கழற்றத்தான் போகிறான். நம் மௌனம் அவன் கையைத் தடுக்காது, கண்ணைத்தான் கட்டும். அதே சமயம், பாதி தெரிந்ததைக் கோபுரமேறிக் கூவுவதையும் அறிவுப் பரவல் என்று நான் கொண்டாட மாட்டேன். முதலில் 18 நடை, பிறகுதான் கோபுரம்.

நடந்து போவதற்கும் தூரமில்லை. திருக்கோஷ்டியூர் இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடியில், ஊரார் சிக்ரி என்றழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி ஆராய்ச்சி அங்கே இன்றும் முக்கியமான ஒரு துறை. அப்படியிருந்தும், ஒரு செல் ஏன் சூடாகிறது என்று காரணத்தோடு சொல்லும் நல்ல தமிழ்க் கட்டுரையைத் தேடுபவர் நெடுநேரம் தேட வேண்டியிருக்கிறது.

இதில் நமக்கும் பங்குண்டு. கவிதைக்கும் கதைக்கும் விமர்சனத்துக்கும் பக்கங்களை ஒதுக்கும் சிற்றிதழ் உலகம், ஒரு கருவியைத் தெளிவாக விவரிக்கும் உரைநடையை இலக்கியத்தில் சேர்ப்பதில்லை. குழப்பமான ஒரு கவிதை யாரையும் சுட்டுவிடாது; குழப்பமான ஒரு செய்முறை சுட்டுவிடும். சொல் துல்லியமாக இருக்க வேண்டும் என்று ஓயாமல் பேசுகிற நாம், துல்லியம் உயிர்ப்பிரச்சினையாகிற இடத்தில் எழுதாமல் இருக்கிறோம். மின்வேதியியல் படித்த நண்பர்கள் யாரேனும் இதை வாசித்தால், அப்படி ஒரு கட்டுரையை எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கலைச்சொற்களில் தயக்கம் இருந்தால் செல், வோல்ட், சார்ஜர் என்றே எழுதட்டும். காரணங்களை மட்டும் விட்டுவிட வேண்டாம்.