வாயை அடைத்துவிட்டு பாஷை ஆராய்ச்சியா?

மொழியையும் பண்பாட்டையும் சேர்த்து ஆராயும் துறை மேதைகளின் அறிவுத் தாகத்தால் பிறந்தது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. மறைத்த பாதியைப் பார்ப்போம்.

1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு காரியங்கள் நடந்தன. பூர்வகுடி மக்களின் பாஷைகளையும் வழக்கங்களையும் எழுதிவைக்க சர்க்கார் ஓர் ஆராய்ச்சி அலுவலகம் திறந்தது. அதே ஆண்டில், அதே சர்க்காரின் ஆதரவில், பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழி பேசத் தடை போட்டார்கள். ஒரு கை பாஷையைக் காகிதத்தில் எழுதியது; மறு கை அதைக் குழந்தையின் வாயிலிருந்து பிடுங்கியது!

ஏன்? நிலம்! நிலத்தைப் பறித்தவனுக்கு, பறிகொடுத்தவனின் நினைவும் அழிய வேண்டியிருந்தது. அலுவலகத் தலைவர் பவல் 1891-ல் 58 மொழிக் குடும்பங்களைப் பட்டியலிட்டார். எந்த ஜனங்களை யாரோடு சேர்த்து ஒதுக்கு நிலத்தில் குடிவைப்பது என்பதற்கு இந்தக் கணக்கு உதவும் என்பதே சர்க்காருக்குச் சொல்லப்பட்ட நியாயம்.

பூர்வகுடிகள் ஒரே சொல்லை வேளைக்கொரு விதமாக உச்சரிக்கிறார்கள், அவர்கள் பாஷை பக்குவப்படாதது என்று படித்தவர்கள் எழுதினார்கள். 1889-ல் பிரான்ஸ் போவாஸ் இந்தப் புளுகை உடைத்தார். சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். பழக்கமில்லாத ஒலியைக் கேட்டவரின் காதுதான் தடுமாறியது என்று காட்டினார். இந்தத் துறை உண்மையான விஞ்ஞானமாக நிமிர்ந்தது இங்கேதான். எந்த மொழியும் கீழ்மொழி அல்ல என்பது அதன் பெரிய வெற்றி.

ஆனால் உழைத்தது யார்? கனடாவின் மேற்குக் கரையில் ஜார்ஜ் ஹன்ட் என்பவர் குவாக்கியூட்டில் மக்களின் கதைகளையும் சடங்குகளையும் சமையல் முறைகளையும்கூட ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதிக் கொடுத்தார். ‘துறையின் தந்தை’ என்ற பட்டம் போவாஸுக்கு! ஹன்டை எத்தனை பேருக்குத் தெரியும்?

கார்லைல் 1918-ல் மூடப்பட்டது. பூர்வகுடி மொழிகளைக் காப்போம் என்று சட்டம் போட அமெரிக்காவுக்கு 1990 வரை ஆயிற்று. மக்கள் சட்டத்தை மட்டும் நம்பி உட்காரவில்லை. மாசச்சூசெட்ஸ் வாம்பனோக் மக்கள், தங்களை மதம் மாற்றுவதற்காக 1663-ல் அச்சிட்ட பைபிளையும் பழைய பத்திரங்களையும் கொண்டே, பேச்சற்றுப்போன தம் மொழியை 1993 முதல் மீட்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் மறுபடி பேசுகிறார்கள்!

தோழர்களே! பேசும் மக்களிடம் திரும்பி வராத மொழி ஆராய்ச்சி, களவுப் பொருளுக்கு எழுதிய கணக்குப் புத்தகம். வயலிலும் ஆலையிலும் நாம் பேசும் பேச்சைக் கொச்சை என்று எவனாவது முகம் சுளித்தால் பதில் சொல்லுங்கள்: கோளாறு எங்கள் வாயில் இல்லை, உன் காதில் இருக்கிறது!