காய்கறி மார்க்கெட்டில் கார்கள்

சென்ற இதழில் விற்காமல் தங்கிய பிரதிகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டோம். மறுவாரம் மதுரை மாசி வீதியில் வாங்கிய வறுகடலைப் பொட்டலத்தில் எங்கள் தலையங்கம் பாதி இருந்தது. சிற்றிதழுக்கு இதைவிட நிச்சயமான வாசகர் வட்டம் வாய்க்காது. கருத்தரங்குகளில் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்கிறார்களே, எங்களுக்கு அது அறிமுகமானது இப்படித்தான்.

பொருள் சுழல நெருக்கம் வேண்டும். 2016இல் பாரிஸில் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 'பதினைந்து நிமிட நகரம்' என்றார். வேலை, கடை, பள்ளி, மருத்துவர் எல்லாம் கால்மணி நேரத்துக்குள். மதுரையில் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் விரியும் ஊருக்குள் பிறந்தவருக்கு இதில் புதுமை ஏதுமில்லை. கீழே கடை, மேலே வீடு. பாத்திரத்துக்கு வெண்கலக்கடைத் தெரு, நகைக்குத் தெற்காவணி மூல வீதி. குடம் ஓட்டையானால் அடைக்கிறவர் நாலு எட்டில் இருப்பார். அதனால்தான் அது குப்பைக்குப் போவதில்லை. அவரைத் தேடிப் பஸ் ஏற வேண்டுமென்றால் புதுக் குடமே மலிவு. பழுதுபார்ப்பைக் கட்டுப்படியாக்குவது இந்த நெருக்கம்தான்.

இதைச் சொல்லும்போதே நாக்கு கூசுகிறது. நகைப் பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை வாரி அரித்துப் பொன்துகள் எடுத்துப் பிழைப்பவர்கள் உண்டு. ஒரு குன்றிமணிகூட வீணாகாத நகரம் என்று திட்ட வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டலாம். அந்த அம்புக்குறி முழங்கை வரை சாக்கடைக்குள் இருக்கிறது. இல்லாமைக்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டிப் பாராட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. கையுறையும் கூலியும் யார் தருவார்கள் என்பதைச் சொல்லாத திட்டம் எங்களுக்கு வெறும் படம்.

அந்த நெருக்கமும் கலைகிறது. வடக்காவணி மூல வீதியில் காய்கறிக்கான சென்ட்ரல் மார்க்கெட் இருந்தது. லாரி நெரிசல் என்று, கோயிலைவிட்டுத் தள்ளியுள்ள மாட்டுத்தாவணிக்கு மாற்றினார்கள். நெரிசல் பொய்யில்லை. ஆனால் காலியான இடத்தில் ஸ்மார்ட் சிட்டித் திட்டம் கட்டியது பல அடுக்கு வாகன நிறுத்தம். மொத்தக் கடையில் விலை பேசி வாங்கி நாலு தெரு தள்ளி விற்ற கூடைக்காரம்மா, இப்போது மாட்டுத்தாவணியிலிருந்து ஆட்டோவில் வருகிறார். கத்தரிக்காய் விலையில் அந்த வாடகையும் சேர்ந்திருக்கிறது. கார்களுக்கோ கோயில் வாசல் நடைதூரம்.