ஒரு குக்கர் வைக்கவா நேரமில்லை?

"வேலை முடிஞ்சு வந்தா சமைக்க எங்கே நேரம்?" என்று இனி யாரும் சொல்லாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு, டெலிவரி பையனின் பைக் எந்தத் தெருவில் வருகிறது என்று பிள்ளையோடு சேர்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அது நேரமில்லையா? முக்கால் மணி நேரம் காத்திருந்து, ஆறிப்போன ஃபிரைடு ரைஸையும் சிவப்புச் சாயம் ஏறிய கோபியையும் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்தே பிள்ளைக்கு ஊட்டுகிறோம். அந்த நேரத்துக்குள் குக்கரில் சோறு வெந்து, பிரஷரும் அடங்கியிருக்கும்.

எங்கள் கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்பு சாதத்தைத்தான் சொல்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும், முகம் கழுவும் முன்பே, அரிசி ஒன்றரை டம்ளரும் துவரம்பருப்பு அரை டம்ளரும் சேர்த்துக் களைந்து ஊறப் போடுங்கள். நாலு பேருக்கு அது தாராளம். குக்கரில் கடலை எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், தட்டிய மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயமும் பத்துப் பல் பூண்டும் முழுசாகப் போட்டு வதக்குங்கள். இரண்டு தக்காளி, மஞ்சள்தூள், உப்பு. தண்ணீர் ஐந்தரை டம்ளர். கொதி வந்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடி, 4 விசில் விட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். பிரஷர் தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் சோறு சரியாகக் குழையாது. மூடியைத் திறக்கும்போது பருப்பு பாதி கரைந்து அரிசியோடு ஒட்டியிருக்கும். பூண்டு முழுசாகத் தெரியும், விரல் பட்டால் மசிந்துவிடும். நெய்க்குப் பதில் ஒரு கரண்டி செக்கு நல்லெண்ணெயை மேலே ஊற்றிக் கிளறுங்கள். தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும் போதும்.

"பருப்புச் சோத்துல என்ன சத்து இருக்கு? முட்டையாவது வேண்டாமா?" என்று உடனே கேட்பீர்கள். 100 கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனினை அரிசி கொடுத்துவிடுகிறது. நம் பாட்டிகள் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டது வீண்போகவில்லை.

ஆனால் புரதம் மட்டும் போதாது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றுக்கு 57! இதைப் படித்த பிறகும் நமக்கு எப்படித் தூக்கம் வருகிறது? அதே குக்கரில் ஒரு நாள் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைச் சேருங்கள். இன்னொரு நாள் தட்டைப்பயறும் கத்திரிக்காயும், அடுத்த நாள் கறுப்புக் கொண்டைக்கடலை. பரிமாறும்போது எலுமிச்சை பிழியுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேர உதவும். சாப்பிட்ட கையோடு டீ கொடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள், அது இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். பால், தயிர், முட்டை எதுவுமே தொடாத வீடாக இருந்தால் பி12 பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். எந்தக் கீரையும் எந்தப் பருப்பும் அதைத் தராது.

"எங்க பையன் கீரையைத் தொடவே மாட்டான்" என்று விருந்தாளி முன்னால், அவன் காதுபட, கிட்டத்தட்ட பெருமையாகவே சொல்கிறோம். அவன் ஏன் தொடப்போகிறான்? அவனைச் சமையலறைக்குள் கூப்பிடுங்கள். சின்ன வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுக் கொடுத்தால் தோல் லேசாகக் கழன்று வரும், ஐந்து வயதுப் பிள்ளைகூட உரித்துவிடும். கீரை ஆயவும் சொல்லிக் கொடுங்கள். தான் உரித்ததும் ஆய்ந்ததும் தட்டில் எங்கே இருக்கிறது என்று அவனே தேடுவான். முதல் நாளே நடக்காது. நாலாம் தரமும் ஒதுக்கினால் ஐந்தாம் தரமும் வையுங்கள். திட்டாமல், கெஞ்சாமல், கையில் செல்போன் கொடுக்காமல் வையுங்கள்.

அப்பாக்களே, இவ்வளவும் அம்மாக்களுக்குச் சொன்னது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அவரும் உங்களைப் போலவே ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். வந்ததும் அவர் அடுப்படிக்குப் போகிறார், நீங்கள் சோபாவுக்குப் போகிறீர்கள். சமையல் தெரியாது என்ற பேச்சு இதில் எடுபடாது. டம்ளரால் அளக்கவும் விசில் எண்ணவும் தெரிந்தால் போதும். நாளைக் காலையில் கிளம்பும் முன் ஒரு டம்ளர் கொண்டைக்கடலையை நீங்கள் ஊறப் போடுங்கள். சாயங்காலம் யார் முதலில் வீட்டுக்கு வருகிறாரோ அவர் குக்கரை வைக்கட்டும். கழுவப்போவது ஒரே ஒரு பாத்திரம், அது இன்னொருவர் வேலை.