கோணி நிற்கும் மாளிகை!

இங்கிலாந்தில் செஷயர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே, நாற்புறமும் அகழி சூழ ஒரு மர மாளிகை நிற்கிறது. அதன் பெயர் லிட்டில் மோர்ட்டன் ஹால்.

முதன்முதலாகப் பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். சுவர் சாய்ந்திருக்கிறது. தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. "ஐயோ, விழப்போகிறதே!" என்று தோன்றும். ஆனால் விழவில்லை. 500 ஆண்டுகளாக நிற்கிறது!

மரத்தின் வலிமை

இது எப்படி முடிந்தது? கட்டிடத்தின் பாரத்தைத் தாங்குவது சுவர் அல்ல. ஓக் மரச் சட்டங்கள். ஒரு மரத்தில் துளை போட்டு, இன்னொரு மரத்தின் முனையைச் செதுக்கி அதில் செருகுவார்கள். பிறகு மர ஆணி அடித்து இறுக்குவார்கள். பாரம் அழுத்தும்போது இந்தச் சட்டம் வளைந்து கொடுக்கும், சட்டென்று முறியாது.

பாரமும் குறைவல்ல. கட்டிடத்தின் உச்சியில், உலாவுவதற்காக 68 அடி நீளக் கூடம் ஒன்றைப் பிற்பாடு கட்டினார்கள். அதற்கு மேலே கற்பலகைக் கூரை! கீழே உள்ள மரங்கள் வளைந்ததில் வியப்பு என்ன?

தச்சர் பெயர்

1559-ம் ஆண்டில் முற்றத்து ஜன்னல்களைச் செய்தவர் ரிச்சர்ட் டேல் என்னும் தச்சர். மாளிகையின் சொந்தக்காரர் வில்லியம் மோர்ட்டன். அவர் பெயரோடு, தச்சரின் பெயரும் அந்த ஜன்னல்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. உழைத்தவனுக்குக் கிடைத்த மரியாதை அது!

17-ம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர் வந்தது. மோர்ட்டன் குடும்பம் நொடித்தது. மாளிகை குத்தகைக்காரர் கைக்குப் போனது. பிரார்த்தனைக் கூடத்தில் நிலக்கரியைக் கொட்டி வைத்த காலமும் உண்டு! பிறகு எலிசபெத் மோர்ட்டன் என்ற பெண்மணி, எஃகுக் கம்பிகளைக் கொடுத்து நீண்ட கூடத்தைத் தாங்கச் செய்திருக்கலாம். "இதை ஒருநாளும் விற்கக்கூடாது" என்று நிபந்தனையும் வைத்தார். 1938-ல் மாளிகை, நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்புச் சங்கத்திடம் வந்தது.

எது சரி?

"கோணலை நிமிர்த்தி, புதிதுபோல ஆக்கினால் என்ன?" என்று கேட்கலாம். அது தவறு. நிமிர்த்தப் போனால் பழைய மரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றினால் தச்சரின் கைவேலை போய்விடும். மிஞ்சுவது வெறும் பொம்மை வீடுதான்.

1977-க்குப் பிறகு நடந்த பழுதுவேலையில், மாற்றிய மரங்களுக்குச் சாயம் பூசாமல் அப்படியே விட்டார்கள். ஒட்டுப் போட்டதை மறைக்கவில்லை. அதுவே நேர்மையான வேலை.

முதியவரின் கூன் முதுகை யாரும் அடித்து நிமிர்த்துவதில்லை. ஊன்றுகோல் கொடுக்கிறோம். பழைய கட்டிடத்துக்கும் அதுதான் முறை!